டிரைவர் தோளில் ஒட்டிய மின்சாரம்

என் மூத்த மகள் பஸ் ஓட்டுகிறாள். டிப்போவில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடும்போதுகூட தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டை அளப்பாள். அவள் நிம்மதியாக உட்காருகிற ஒரே இடம் டிரைவர் சீட்.

ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பியே வலது தோள் பிடித்துக்கொண்டது. தலை வாரக் கை எழவில்லை. பிசியோதெரபி செய்கிற பெண், மருந்தில் நனைத்த பட்டையைத் தோளில் ஒட்டி, மெல்லிய மின்சாரம் விட்டு மருந்தைத் தோலுக்குள் தள்ளினாள். அது முடியும்வரை அசையாமல் உட்கார வேண்டும். இவள் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள்.

அந்தப் பெண் ஒரு குட்டி மெஷினும் கொடுத்திருந்தாள். ஒட்டுப்பட்டை வழியாகச் சுருசுருவென்று மின்சாரம் விட்டு வலியை அடக்கும்.

“இது வலியைத்தான் அடக்கும், தோளை ஆத்தாது. போட்டுக்கிட்டு வண்டி மட்டும் ஓட்டிடாதீங்கக்கா,” என்று படித்துப் படித்துச் சொன்னாளாம்.

இவள் கேட்பாளா? யூனிஃபார்முக்குள் அதை ஒட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“தோள் போச்சுன்னா அப்புறம் எதை வெச்சுடி வண்டி ஓட்டுவே?”

“சும்மா இரும்மா. டிப்போல தெரிஞ்சா ஆபீஸ்ல உக்கார வெச்சிடுவாங்க. அந்த நாற்காலியில நான் ஒரு நாள் தாங்க மாட்டேன்.”

அவள் பயமெல்லாம் அதுதான். என் பயம் வேறு. மறுநாள் அவள் பஸ்ஸிலேயே ஏறி, அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

நல்ல வெயில். வியர்வையில் பட்டை ஓரம் கழன்றிருக்கிறது. மின்சாரம் குறைந்துவிட்டது என்று நினைத்து, சிக்னலில் நின்றபோது இடுப்பில் செருகியிருந்த மெஷினின் திருகைத் திருப்பிக் கூட்டினாள். பச்சை விழுந்து, வளைவில் திரும்பும்போது சீட் பெல்ட் பட்டையை அழுத்தியது. கூட்டியதெல்லாம் மொத்தமாக இறங்கி, கை தூக்கிப் போட்டது. முன்சக்கரம் நடைபாதையில் ஏறி நின்றது. ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார்.

“ஏம்மா, தூங்கிட்டியா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

அவள் காலருக்குள்ளிருந்து ஒயரை உருவுவதைக் கண்டக்டர் பார்த்துவிட்டான். “பேட்டரி பஸ் வரும்னாங்க. டிரைவருக்கே பேட்டரி போட்டிருக்கிறதைச் சொல்லலையேக்கா!” என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “ஸ்டியரிங் இழுத்துடுச்சுன்னு சொல்லிடலாம்.”

“வண்டி மேல பழி போடாதே. தப்பு என்னோடது.”

டிப்போவுக்கு அவளே போன் செய்தாள். தோள் சரியாகும்வரை ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டார்கள். எப்போது சரியாகும் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது கிளினிக்குக்கு நானும் கூடவே போகிறேன். கதவை மறித்து நாற்காலி போட்டுக்கொள்வேன். இன்றைக்கும் மருந்துப் பட்டையை ஒட்டியதுமே இருப்புக்கொள்ளாமல் நெளிந்தாள்.

“ஆச்சா?”

“இன்னும் சுவிட்சே போடலக்கா.”

“சரி, சீக்கிரம் போடு. அம்மா, நீ ஏன் அப்படி முறைக்கிறே? உக்காந்துதானே இருக்கேன்!”