அண்ணாச்சி மெஷினைத் திறந்தது யார்?

துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் காலையில் முதல் ஆளாக வந்து கம்ப்யூட்டர்களை ஆன் செய்கிறவள் நான். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஸ்விட்சைப் போட்டவள்தான் உள்ளே நடக்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டும்.

கப்பலில் வருகிற, போகிற சரக்குக்குக் கஸ்டம்ஸில் பேப்பர் போட்டுக் கொடுக்கிற இடம் எங்களுடையது. மகளைக் கட்டிக்கொடுத்து, மகனும் வேலைக்கென்று சென்னைக்குப் போனபிறகு இங்கே சேர்ந்தேன். நாசரேத்தில் பத்தாவதோடு நின்ற படிப்பு. ஆபீஸ் சாவி என் கையில் இருக்கும். கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்துவைத்து, நாலு மெஷினையும் ஆன் செய்து, மற்றவர்கள் வருமுன் தயாராக வைப்பது என் பொறுப்பு. உங்களில் யாருக்காவது இதே வேலை என்றால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

நீண்டுபோன ஜெபம்

மெஷினை ஆன் செய்துவிட்டு, அது கண்விழிக்கிறவரை நின்றபடியே ஜெபம் செய்வது என் வழக்கம். சேர்ந்த புதிதில் பரமண்டல ஜெபம் முடிவதற்குள் திரை வந்துவிடும். போகப்போக பைபிளிலிருந்து ஒரு சங்கீதமும் சேர்த்துச் சொல்லவேண்டியதாயிற்று. அப்புறம் மகன், மகள், மருமகன், கடலுக்குப் போனவர்கள், வாசலில் நிற்கிற லாரி டிரைவர்கள் என்று எல்லாருக்காகவும் ஜெபித்து முடித்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கணக்குப் பார்க்கிற பரமசிவம் சார் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். வந்து உட்கார்ந்ததும் மெஷின் தயாராக இருக்கவேண்டும் அவருக்கு. ஒருநாள் சுற்றுகிற வட்டத்தையும் மூடியிருந்த என் கண்களையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். நான் ஆமென் சொல்லும்வரை பொறுத்திருந்து சொன்னார்: "யக்கா, நீங்க ஜெபிக்க ஜெபிக்கத்தான் அது படுத்துக்கிடுதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஒருநாள் நிப்பாட்டித்தான் பாருங்களேன்."

கேட்காமல் வருகிறவர்கள்

திரை வந்தாலும் நிம்மதி கிடையாது. ஒரு மூலையில் மழை வரும் என்று ஒரு பெட்டி எட்டிப்பார்க்கும்; நம்ம ஊரில் எங்கே மழை? இன்னொரு மூலையில், ஆபீஸைவிட்டு எப்போதோ போய்விட்ட பழைய பிரிண்டர் தன்னை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று புகார் சொல்லும். நடுவில் சிவப்பாக ஒன்று வந்து, உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது என்று பயமுறுத்தும். இதையெல்லாம் நான் எதையோ அமுக்கி வரவழைக்கிறேன் என்றுதான் ஆபீஸில் ஒரு பேச்சு. நான் தொடுவது அந்த ஒரு பட்டனைத்தான். ஆனாலும் அந்தச் சிவப்புப் பெட்டியை நான் நம்பவில்லை. நம் வீட்டில் திருடன் இருக்கிறான் என்று தெருவில் நின்று கத்துகிறவனைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

எனக்காகப் பேசியது பாத்திமாதான். காயல்பட்டினத்துப் பிள்ளை, கணவர் துபாயில்; கஸ்டம்ஸ் பேப்பர்களையெல்லாம் தயார் செய்கிறவள். பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே சொன்னாள்: "எங்க மாப்பிள்ளை துபாய்ல இருந்து வாரதுன்னாலே போன் பண்ணிச் சொல்லிட்டுத்தான் வாராரு. இதுக யார்ட்ட கேட்டு உள்ள வருது அக்கா?"

சாவி கைமாறியது

சிரிப்பு அதோடு நின்றது. எங்கள் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். போனில் எழுதி அனுப்புகிற, வருகிற பேச்சு எல்லாம் கம்ப்யூட்டரிலும் தெரிகிற மாதிரி ஒன்றை அவர் மெஷினில் போட்டிருந்தார். அவர் ஆபீஸுக்கு வரும்போது அது தினமும் திரை முழுக்க விரிந்து கிடந்தது. எந்தப் பார்ட்டிக்கு என்ன ரேட் என்று அவர் ரகசியமாகப் பேசுவதெல்லாம் அதில்தான். அந்த நேரம் பார்த்து, வெகுநாளாக எங்களிடம் இருந்த ஒரு பார்ட்டி வேறு ஏஜென்டிடம் போய்விட்டது. நாங்கள் சொன்ன ரேட் அந்த ஏஜென்டுக்கு முன்னமே தெரிந்திருந்ததாம்.

அண்ணாச்சி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, திரையைப் பார்த்தபடியே பேசினார். ராத்திரி தான் மூடிவிட்டுப் போவது காலையில் எப்படித் திறந்திருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன், நான் அந்த மெஷினில் ஓர் எழுத்துகூடப் படித்ததில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சாவியைக் கேட்டார். இனிமேல் பரமசிவம் வந்து திறக்கட்டும் என்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நீங்க பாத்தீங்கன்னு நான் சொல்லலை, ரூபியம்மா. ஆனா மெஷினை நீங்கதான ஆன் பண்ணுதீங்க?"

வீட்டுக்காரனை விரட்டிய கதை

அதற்குப்பிறகு காலையில் பூட்டிய கதவுக்கு வெளியே, ஸ்ரீவைகுண்டம் பஸ் வருகிறவரை நின்றேன். அவர் கதவைத் திறந்ததும் ஸ்விட்சைப் போடுவது மட்டும் பழையபடி நான்தான். எதிர்த்த டீக்கடையில் எல்லாரும் பார்ப்பார்கள். மகனிடம் சொன்னால், வேலையை விட்டுவிட்டு வா என்பான். விட்டால், திருடிவிட்டுப் போனாள் என்றுதானே ஆகும்? சந்தேகம் ஒட்டுவாரொட்டி. எனக்கே பரமசிவம் சாரைப் பார்த்தால், இவர்தான் அண்ணாச்சி மெஷினில் கைவைத்தாரோ என்று தோன்றும். பாத்திமா போனில் மெதுவாகப் பேசினால் காது அங்கே போகும். அப்புறம் அதற்கும் சேர்த்து ஜெபிப்பேன்.

இதற்கிடையில் மெஷின் மெதுவாக எழுவது பொறுக்காமல், பரமசிவம் சார் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து, பாத்திமா மெஷினில் எதையெதையோ நிறுத்திவிட்டார். மறுநாள் அது பரமண்டல ஜெபத்தின் பாதியிலேயே எழுந்துவிட்டது. ஆனால் கஸ்டம்ஸ் பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கென்று பென்டிரைவ் மாதிரி ஒன்று சொருகுவோமே, அதை மெஷின் யாரென்றே தெரியாத மாதிரி பார்த்தது. கையெழுத்து ஏறாமல் ஒரு கன்டெய்னர் துறைமுக யார்டிலேயே கிடந்தது. மெக்கானிக் வந்து ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். ஆன் ஆனதும் தானாகக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் அதில் வரிசையாக இருந்தார்கள்: மழைப்பெட்டி, பழைய பிரிண்டர், சிவப்புப் பெட்டி, கையெழுத்துக்கானது. புதிதாக ஒன்றைப் போடும்போது கேட்கிறதற்கெல்லாம் படிக்காமல் ஓகே ஓகே என்று அமுக்குகிறோம் அல்லவா, அதில் இந்த அனுமதியும் போய்விடுமாம். ஒவ்வொன்றாகப் பார்த்து வேண்டாததை மட்டும் நிறுத்தவேண்டுமாம். பரமசிவம் சார் மொத்தத்தையும் நிறுத்தியிருந்தார். மெக்கானிக் கையெழுத்துக்காரனை மட்டும் திரும்ப உயிர்ப்பித்துவிட்டுச் சொன்னார்: "வேண்டாத விருந்தாளிகன்னு சொல்லி வீட்டுக்காரனையும் சேத்து வெரட்டிட்டீங்களே, அண்ணே."

அண்ணாச்சி தானே ஆன் செய்தது

அந்தப் பட்டியலைப் பார்த்ததிலிருந்து எனக்கு அண்ணாச்சி மெஷின் ஞாபகமாகவே இருந்தது. பாத்திமாவும் என்னைத்தான் பார்த்தாள். போய்க் கேளுங்க அக்கா என்று முழங்கையால் இடித்தாள். அண்ணாச்சியிடம் நான் பட்டியலைப் பற்றியெல்லாம் விளக்கவில்லை, விளக்கவும் தெரியாது. "நாளைக்கு உங்க மெஷினை நீங்களே ஆன் பண்ணுங்க அண்ணாச்சி. நான் வாசல்லயே நிக்கேன்" என்றேன். என்னை உற்றுப் பார்த்தார். இதில் என்ன தந்திரம் இருக்குமோ என்று யோசித்திருப்பார்.

பரமசிவம் சாரிடமிருந்து சாவியை வாங்கிவைத்துக்கொண்டு, மறுநாள் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நாங்கள் மூவரும் படியில் நின்றோம். கண்ணாடிக் கதவு வழியே அவர் பட்டனை அமுக்குவது தெரிந்தது. அமுக்கிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். வட்டம் சுற்றியது. நான் கண்ணை மூடவில்லை, கர்த்தர் பொறுத்துக்கொள்வார். திரை வந்தது. யாரும் தொடாமலேயே அந்தப் பேச்சு மொத்தமும், முதல்நாள் ராத்திரி அவர் மச்சினனிடம் பேசியதுவரை, பளிச்சென்று விரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு நாங்கள் உள்ளே போனோம். அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, என் பக்கம் திரும்பாமலே மேசை ஓரத்துக்குத் தள்ளினார். பேசியது மெஷினிடம்தான்: "ஏலே, ஒனக்கு யாருலே சாவி குடுத்தா?"

ரேட் எப்படி வெளியே போனது என்பது இன்றுவரை தெரியாததால், மெஷின்மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று அண்ணாச்சி அதற்கு நேர் மேலே ஒரு கேமரா மாட்டியிருக்கிறார், நானும் இப்போதெல்லாம் ஸ்விட்சைப் போட்டதும் இரண்டடி தள்ளிப்போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் ஜெபம் செய்கிறேன்: கர்த்தருக்கு என்னைத் தெரியும், கேமராவுக்கும் தெரியவேண்டுமே.