பின்னூட்டத்தில் தொலைந்த தம்பி

"இந்த பிளாக் உங்களுதாண்ணா?"

"ஆமாம்மா."

"எங்க தம்பி எங்க?"

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். திருப்பதியில் என் டி.டி.பி. கடைக்குள் வந்த ஒரு பெண், வெயிலில் வந்த மூச்சிரைப்புகூட அடங்காமல் இப்படிக் கேட்டார். நான் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மாப்பிள்ளையின் பட்டப்படிப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். தம்பியைக் காணவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்கள். பிளாக் எழுதுகிறவனிடமா வருவார்கள்?

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். பெயர் தேவகி என்றார். சொந்த ஊர் வடமாலபேட்டைப் பக்கம். புத்தூரில் ஒரு கேஸ் ஏஜென்சியில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலை. தம்பி பெயர் மணி. குவைத்தில் டிரைவர். பிறகு அவர் சொன்னதைக் கேட்டபோது, மாப்பிள்ளையின் பட்டம் எனக்கு மறந்தே போய்விட்டது.

அதற்கு முன் என் பிளாக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – சனிக்கிழமைதோறும் நம் எல்லைப் பக்கத்துச் சொலவடை ஒன்றை எடுத்து அங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்தவர் பக்கத்தில் ரைட் கிளிக் செய்து, 'வியூ சோர்ஸ்' பார்த்து, எங்கே கை வைத்தால் எது ஆடுகிறது என்று தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது. 'நீச்சல் கத்துக்கப் புத்தகம் வாங்கினவன் கரையிலேயே காஞ்சான்' என்பார்கள் எங்கள் பக்கம். நான் நேராகக் கிணற்றில் குதித்தவன்.

அதனால் தைரியமாகச் சொல்வேன்... சொந்தமாக பிளாக் வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வேண்டாம். படிக்கிறவர் கண்ணில் மிளகாய்ப் பொடி தூவ உங்களுக்கு என்ன உரிமை? பக்கம் திறந்ததும் பாட்டு பாடவே கூடாது. நம்மைப் படிப்பவர்களில் பாதிப்பேர் ஆபீஸ் நேரத்தில் திருட்டுத்தனமாகப் படிக்கிறார்கள் – மேனேஜர் திரும்பிப் பார்த்தால் ஒரு வாசகர் போச்சு. பக்கம் முழுக்கப் பனி கொட்டுகிற மாதிரி ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. சித்தூர் ஜில்லாவில் எதற்கய்யா பனி? கடிகாரம், நீந்துகிற மீன், இத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கவுண்ட்டர்... எல்லாம் சேர்ந்தால் பிரவுசிங் சென்டரில் உங்கள் பக்கம் திறப்பதற்குள், சரக்கேற்றிய லாரி மலைப்பாதை ஏறிவிடும். கியூவில் தலையை எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு சாமி தெரியாது. கவுண்ட்டரை எடுத்துவிடுங்கள், எழுத்து தானாக நன்றாக வரும்.

இவ்வளவு தெரிந்த நான் அப்போதுதான் பிளாகுக்குப் புதுச் சட்டை மாட்டியிருந்தேன். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரிக்கும் டெம்ப்ளேட். மேலே பச்சை மாந்தோப்புப் படம். பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் ஊர்க்காரர்கள் பின்னூட்டம் எழுதுகிற விதமே தனி. பேச்சு தமிழ், எழுத்து தெலுங்கு. ஆமாம், வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ், ரேஷன் கடை எல்லாம் தெலுங்கு என்பதால் கை தெலுங்கு எழுத்துக்குத்தான் பழகியிருக்கிறது. தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நானே தெலுங்கு மீடியம்தான். தமிழ் எழுத்தை மெட்ராஸ் பஸ் போர்டுகளில் படித்துப் பிடித்தவன்.

சென்னை வாசகர் ஒருவர் மெயில் அனுப்பினார். 'தமிழ் பிளாக் என்று வந்தால் கீழே ஜாங்கிரி கொட்டிக் கிடக்கிறதே? பாதி என் கம்ப்யூட்டரில் வெறும் கட்டமாகத் தெரிகிறது' என்று. எனக்குச் சுருக்கென்றது. புதுச் சட்டை போட்ட கையோடு பழைய பின்னூட்டங்களை எல்லாம் மறைத்தேன். இனி வருவது என் ஒப்புதலுக்குக் காத்திருக்கும், தமிழ் எழுத்தில் இருந்தால் மட்டும் வெளியாகும் என்று ஒரு தாழ்ப்பாள் போட்டேன். காத்திருப்பவை பற்றித் தகவல் வர ஒரு மெயில் முகவரி கொடுத்தேன். அந்த மெயிலைத் திறந்து பார்க்க மறந்தேன்.

பொது இடம் சுத்தமாகிவிட்டது என்று எனக்குப் பெருமை. சத்தமே இல்லை. திருவிழாவைக் கலைத்துவிட்டு, ஊர் அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிற மாதிரி!

இப்போது தேவகியின் கதைக்கு வருவோம்.

போன வருஷம் அவருடைய நைனா காலமானார். அம்மா முன்பே போய்ச் சேர்ந்தவர். மணிக்கு அப்போது லீவு கிடைக்காது, சொன்னால் அங்கே தனியாகக் கிடந்து தவிப்பான் என்று நினைத்து, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் தேவகி தகவல் சொன்னார். அவர் நல்லது என்று செய்தார். தம்பிக்கு அது ஆறவில்லை. அன்றிலிருந்து போனில் அக்கா குரல் கேட்டால் வைத்துவிடுவானாம். வேறு யார் நம்பரிலிருந்து பேசினாலும் அதே கதை.

இந்த நிலையில் கேஸ் ஏஜென்சியில் கூட வேலை பார்க்கும் பெண் 'நம்ம ஊர்ப் பேச்செல்லாம் இதுல போடறாங்க' என்று என் பிளாகைக் காட்டியிருக்கிறார். தேவகி கீழே பார்க்கிறார். 'மாந்தோப்பு' என்ற பெயரில் ஒருவர், தெலுங்கு எழுத்தில்: 'பூத்ததெல்லாம் காயானா கொம்பு தாங்குமாடா – எங்க நைனா சொல்றது.'

நாற்காலியில் இருந்தபடியே உடம்பு சிலிர்த்ததாம். அது அவர்கள் வீட்டு வாக்கு. பரீட்சையில் தவறினாலும், பேசிவைத்த சம்பந்தம் நழுவினாலும் நைனா அதைத்தான் சொல்வாராம்.

அதற்குக் கீழே 'ஊர்க்காரி' என்ற பெயரில் தேவகி ஒன்று எழுதினார். அங்கே தொடங்கியது அக்கா தம்பி சண்டை.

எனக்கு அந்தச் சண்டை நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாரோ இரண்டு ரசிகர்கள் சொலவடையில் போட்டி போடுகிறார்கள் என்று ரசித்துக்கொண்டிருந்தேன். 'தேரு நெலைக்கு வந்தப்புறம் வடம் புடிக்க ஆள் கூப்ட்டாங்களாம்' என்று மாந்தோப்பு எழுதினார். ஆகா என்றேன். 'கடலுக்கு அந்தாண்ட கீறவன் கையில வடத்தைக் குடுத்தா தேரா நவுரும்?' என்று ஊர்க்காரி பதில் போட்டார். பலே என்றேன். அதற்கு மாந்தோப்பு எழுதிய பதிலைப் படித்தபோது மட்டும் எனக்கே ஏதோ செய்தது.

'இழுக்காங்காட்டி போவுது. தொட்டாவது கும்பிட்டிருப்பேன்ல.'

மறுநாள் தேவகி ஆபீஸில் பில் வேலையை ஓரம் வைத்துவிட்டுப் பதில் எழுதினார். சொலவடை எதுவும் இல்லை, நேராகவே. அந்த மறுநாள்தான் நான் சட்டை மாற்றித் தாழ்ப்பாள் போட்ட நாள்.

அவர் எழுதியது வெளியே வரவில்லை. பழையதும் காணோம். தினமும் திறந்து பார்த்திருக்கிறார். மேலே பச்சை மாந்தோப்பு. கீழே வெறும் இடம். இதற்குள் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தாகிவிட்டது. ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பது மாமியார் வீட்டுக் கட்டளை. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எங்கள் பக்கம் அதில் மாற்றமே கிடையாது. மாமன் பேசுவதே இல்லை என்று தெரிந்ததும், வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்துவிடலாம் என்று பேச்சு எழுந்துவிட்டது.

"அப்பிடி ஒரு தபா நடந்துட்டா," என்றார் தேவகி, "மணி இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாண்ணா. நைனாவுக்கும் என்னைக் கூப்பிடல, பொண்ணுக்கும் கூப்பிடலன்னு பூடுவான்."

நான் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்து அந்த மெயிலைத் திறந்தேன். காத்திருந்தவை வரிசையாக நின்றன. எல்லாம் ஜாங்கிரி. முதலில் நின்றது தேவகியுடையது: 'தப்பு என்னுதுதான் மணி. பாப்பாவுக்குக் காது குத்தணும். மடி உன்னுது.'

அதற்குச் சற்றுக் கீழே மாந்தோப்பு. அவன் அக்காவுக்கு எழுதவில்லை, எனக்கு எழுதியிருந்தான். 'அண்ணா, எங்க அக்கா சொல்லித்தான நான் எழுதினதெல்லாம் அழிச்ச? செரி. இந்த வருசம் லீவுக்கு ஊருக்கு வரலன்னு கம்பெனியில சொல்லிடறேன். அவங்க நிம்மதியா இருக்கட்டும்.'

தேவகி அதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிடறேன்னுதான எழுதிக்கிறான்? இன்னும் சொல்லிட்டேன்னு எழுதலையே... சீக்கிரம் தொறங்கண்ணா," என்றார்.

திறந்தேன். எல்லாவற்றுக்கும் ஒப்புதல். பழையது அத்தனையும் மறுபடி மேலே வந்தது. ஆனால் புது டெம்ப்ளேட்டில் பின்னூட்டம் இருக்கிற இடமே சரியாகத் தெரியவில்லை. மூன்று பத்தியில் எதற்கடியிலோ போய் ஒளிந்துகொண்டது. பழைய டெம்ப்ளேட்டையே மாட்டிவிடலாம் என்றால்... இங்கேதான் ஒன்றை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். பழசை முழுசாக காப்பி எடுத்து நோட்பேடில் வைத்திருந்தேன். குளத்துப் படிக்கட்டில் வேட்டி மாற்றுகிறவன் புதுசைச் சுற்றிக்கொண்டுதான் பழசை அவிழ்ப்பான். டெம்ப்ளேட் மாற்றுகிறவர்களுக்கு நான் சொல்வது அது ஒன்றுதான். மற்ற புத்திமதியை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பழைய சட்டை ஏறியது. மாந்தோப்புப் படம் போனது. மாந்தோப்பு வந்துவிட்டார்.

'தொடர்புக்கு' என்று கடை விலாசத்தோடு ஒரு பக்கம் வைத்திருந்தேனே, அதைப் பிடித்துக்கொண்டுதான் தேவகி பஸ் ஏறி வந்தார். பலபேர் பிளாகில் மூளை, மனசு எல்லாம் இருக்கும், விலாசம் இருக்காது. தாழ்ப்பாள் போட்ட வீட்டுக்கு ஒரு கதவாவது தட்டுகிற மாதிரி இருக்க வேண்டாமா?

குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அதுவரை அவன் பார்க்க மாட்டான். அந்த மூன்று நாளும் நான் டீக்கடைக்குப் போனாலும் பாதியில் திரும்பி வந்து பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். பத்திரிகை அடிக்க வந்தவர்கள் 'சார் ஏதோ ஷேர் மார்க்கெட்டுல எறங்கிட்டாரு' என்று பேசிக்கொண்டார்கள். அந்த வாரத்துக்கு எழுத வேண்டிய சொலவடையைக்கூட எழுதவில்லை. யார் படிக்கப்போகிறார்கள், அங்கே வேறு பெரிய சங்கதி நடந்துகொண்டிருக்கும்போது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. தெலுங்கு எழுத்தில், நறுக்கென்று:

'லீவு கேன்சல் பண்ணல. வரேன். ஆசாரிகிட்ட சொல்லி வை, பாப்பா அழுதா நான் அடிப்பேன் – ஆசாரியை.'

கேஸ் ஏஜென்சியிலிருந்து போன். "பாத்தீங்களாண்ணா?" என்றார் தேவகி. "பார்த்தேம்மா" என்றேன். அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை வடமாலபேட்டையில் காதுகுத்து. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை மாமன் மடியில் வீறிட்டது. மாமன் அதைவிட அதிகமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சடங்கு முடிந்ததும் அக்காவும் தம்பியும் ஒரே இலையில் சாப்பிட்டபடி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நைனா பேச்சுதான் என்று நினைக்கிறேன். நான் கிட்டே போகவில்லை.

சாப்பிட்டு முடித்து மணி என் பக்கம் வந்தான். மரியாதையாகக் கையைப் பிடித்துக்கொண்டான். எழுதுகிறவனுக்கு ஆசை விடுமா? கேட்டுவிட்டேன்: பழைய டிசைன் நன்றாக இருக்கிறதா, இல்லை அந்தப் பச்சைப் படத்தோடு மறுபடி ஒருமுறை முயற்சி பண்ணட்டுமா?

மணி கொஞ்சம் யோசித்தான். "எனக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராதுண்ணா. பக்கம் தொறந்ததும் நேரா கீழ எறங்கிடுவேன். ஆமா... வாராவாரம் மேல இன்னாத்த எழுதிக்கினு கீற?"