தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

பிள்ளை உண்டாவதற்கு முன்னாலேயே டாக்டரைப் போய்ப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. உண்டானால் போவார்கள். உண்டாகாவிட்டால் எல்லாக் கோயிலுக்கும் போய்விட்டு, கடைசியில் போவார்கள். ரெண்டுக்கும் நடுவில் போனால் அக்கம்பக்கத்துக்கு என்ன காரணம் சொல்வதென்று யாருக்கும் தெரியாது. நான் அப்படித்தான் போனேன்.

போகச் சொன்னது எங்கள் தெருவுக்கு வரும் சுகாதார நர்ஸ். சொந்தத்தில் கட்டியிருப்பதால் ஒரு தரம் முன்கூட்டியே காட்டிக்கொள் என்றார். ஏன் என்று கேட்டேன். காட்டிக்கொள், நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மீனாட்சியம்மனிடம் வேறெதுவும் கேட்பதை நிறுத்திவிட்டேன். பிள்ளை குறையில்லாமல் பிறக்க வேண்டும், பிறந்தது தங்க வேண்டும், இந்த ரெண்டைத்தான் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் என் அப்பாவுடைய அக்கா மகன். மாமியார் எனக்குச் சொந்த அத்தை. அத்தையும் தன் தாய்மாமன் மகனைத்தான் கட்டியிருந்தார். எங்கள் வகையில் வெளியே பெண் எடுத்ததே கிடையாது. எடுக்கத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். மாமா தவறிப்போய் வருசங்கள் ஆகிவிட்டன. மதுரையை ஒட்டிய பரவையில் நாங்கள் மூன்று பேர்தான். வீட்டுக்காரருக்குக் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடையில் வேலை. கோழி கூவும் முன்னால் போய், மத்தியானம் சின்ன வெங்காய வாசத்தோடு வந்து படுப்பார். மற்ற எல்லாவற்றையும் அத்தை பார்த்துக்கொள்வார்.

மகன் ஏதாவது தப்புச் செய்தால் அத்தை திட்டுகிற திட்டு ஒன்றுதான். "தவிட்டுக்கு வாங்குன பயதான நீ." எந்த வீட்டில்தான் இப்படிச் சொல்லமாட்டார்கள். என்னையும் என் அம்மா சொல்லியிருக்கிறார். நானும் அழுதிருக்கிறேன். அவர் அழுவதில்லை, சோற்றைப் போடச் சொல்வார். அவருடைய மூக்கில் வலது பக்கம் ஊசி முனை அளவுக்கு ஒரு வடு இருக்கும். சின்ன வயதில் அம்மை போட்டது என்பார்.

முதலில் பார்த்த டாக்டர் மதுரைக்குள் இருப்பவர். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுவரில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பூக்கூடைக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. இம்புட்டு அழகான பிள்ளைக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வைக்கவில்லையே என்று அத்தை ரொம்ப நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் நானும் அத்தையும் உள்ளே போனோம்.

"எத்தன மாசம்?" என்றார் டாக்டர், தலையை நிமிர்த்தாமல்.

"இன்னும் இல்லங்க டாக்டர்."

"கல்யாணமாகி எத்தன வருசமா இல்ல?"

"இனிமேத்தாங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கிற முகம் இல்லை. ஆனால் நான் வந்த காரணத்தைச் சொன்னதும், நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார். சொந்தத்தில் கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். அத்தை மகன் என்றேன். இவர்கள் யார் என்றார். அத்தை என்றேன். வீட்டில் பிறந்த குழந்தை ஏதாவது தவறியிருக்கிறதா, காது கேளாமல், வளர்த்தி இல்லாமல் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். அத்தை எழுந்து நின்று, பஸ் போய்விடும் என்றார். அந்த ரோட்டில் ஐந்து நிமிசத்துக்கு ஒரு பஸ் போகும்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்று போடுகிற மாதிரி போலிக் ஆசிட் மாத்திரையும் கொடுத்தார். பிள்ளைக்கு முதுகெலும்பு ஒழுங்காகக் கூடுவதற்கு இப்போதிருந்தே போட வேண்டுமாம். இன்னும் வராத பிள்ளைக்கு நான் செய்த முதல் காரியம் அதுதான். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போட்டேன்.

பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். பாத்திமா காலேஜ் தாண்டியதும் சொன்னார்.

"என் தம்பி மகள நான் எடுத்ததுக்கு இவகிட்ட நான் கணக்குச் சொல்லணுமா? இவ ஆஸ்பத்திரி வேணாம்."

அடுத்த வாரம் வாடிப்பட்டிக்குக் கூட்டிப்போனார். அங்கே சின்ன வயது டாக்டர். சிரித்த முகம். எதையும் கேட்கவில்லை. கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு ஒரு டானிக் எழுதினார். எல்லாம் கடவுள் கொடுப்பார், நாள் தள்ளினால் வாருங்கள் என்றார். வெளியே வரும்போது அத்தைக்கு நடையே மாறிவிட்டது.

"தங்கமான பொண்ணு. ஒரு வார்த்தை கேக்கல பாத்தியா?"

அதுதான் எனக்கும் உறுத்தியது. ஆனால் அத்தையிடம் அதை எப்படிச் சொல்வது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கையை விட்டுப் பார்த்தே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். டாக்டர் விசயத்தில் அவருக்கு அப்படிக் கை கிடையாது. நீ சொல்வதும் சரி, அம்மா சொல்வதும் சரி என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார்.

கடைசியில் அத்தையே ஒரு வழி சொன்னார். பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். எங்களுக்கு இதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை இன்னொரு பொட்டலத்திலும் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளைப் பூ வந்தால் வாடிப்பட்டி, சிவப்பு வந்தால் மதுரை என்று அத்தை வைத்தார். வெள்ளைதான் நல்ல சகுனம் என்பதால் அதை அவர் தன் பக்கம் எடுத்துக்கொண்டதை நான் கவனித்தேன். ஆத்தாளுக்குத் தெரியாதா.

செவ்வாய்க்கிழமை போனோம். பூசாரி எடுத்துப் பிரித்தார். அரளி.

பொட்டலத்தை மடித்த விதம் சரியில்லை என்றார் அத்தை. தானே பிரித்து, தானே மடித்து, தானே குலுக்கிப் போட்டார். மறுபடியும் அரளி. அத்தை மூன்றாவது தரம் மடிக்க ஆரம்பித்தார். பூசாரி கையை எடுத்துக்கொண்டார்.

"ஆத்தாளுக்குக் காது நல்லாத்தான் கேக்குதுக்கா. ரெண்டு தரம் சொல்லிட்டா. மூணாந்தரம் கேட்டா எனக்குப் பயமா இருக்கு."

அத்தை அந்த அரளியைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து, நாளைக்கே டோக்கன் போடச் சொல்லு என்றார்.

இந்தத் தடவை வீட்டுக்காரரும் வந்தார். ஆனால் உள்ளே வர வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே அந்தப் பூக்கூடைக் குழந்தைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். ரத்தம் கொஞ்சம் குறைவு, தைராய்டு சரி என்றார். பிறகு போன தடவை கேட்டதையே திருப்பிக் கேட்டார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, உங்க வீட்லயோ அவரு வீட்லயோ பிறந்து தவறின குழந்தை உண்டா?

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ரெண்டு" என்றார் அத்தை.

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த காகிதங்களின் மேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானை முடிச்சு கையில் இருந்தது.

"மொதல்ல ஒரு பொம்பளப்பிள்ள. பெறகு ஆம்பளப்பிள்ள. ரெண்டும் பெறக்கையில நல்லாத்தான் இருந்துச்சுக. நல்லா அழுதுச்சு, பால் குடிச்சுச்சு. மூணாம் நாளு, நாலாம் நாளுக்கெல்லாம் பால் வேணாம்னுருச்சு. துவண்டு போச்சு. ரெண்டும் ஒரே மாதிரி. தலைக்கு மேல பறவை பறந்துருச்சு, தோசம்னு சொன்னாங்க. பேரு வைக்கிறவரைக்கும்கூட இருக்கல."

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. திட்டவும் இல்லை. வலிப்பு வந்ததா, வாந்தி எடுத்ததா, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். என்ன சேலை கட்டியிருந்தார் என்பது உட்பட எல்லாம் ஞாபகம் இருந்தது. அத்தை ஒருவருக்கு இத்தனை பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

"மூணாவது?" என்றார் டாக்டர்.

"வெளிய உக்காந்திருக்கான். பெறந்ததும் கொண்டுபோயி குப்பையில போட்டு, பக்கத்து வீட்டுக்காரிய எடுக்கச் சொல்லி, அவகிட்ட ஒரு மொறம் தவிட்டக் குடுத்து வாங்குனேன். மூக்கும் குத்திவிட்டேன். வேண்டாத பிள்ளைன்னு நெனச்சு எமன் விட்டுட்டுப் போயிட்டான். தங்கிருச்சு."

பிறகு டாக்டர் எங்கள் ரெண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னார். சொந்தத்தில் கட்டினால் எல்லாப் பிள்ளைக்கும் கோளாறு வரும் என்று இல்லை. ஆனால் ஒரே வீட்டில் ரெண்டு பிள்ளை ஒரே மாதிரி தவறியிருந்தால், பால் செரித்து உடம்பில் சேர்வதில் உள்ள பிறவிக் கோளாறாகவும் இருந்திருக்கலாம். சிலது முன்கூட்டியே தெரிந்தால் மருந்தும் வேறு பாலும் கொடுத்துக் காப்பாற்ற முடியும். தெரியாவிட்டால் தோசம் என்றுதான் தோன்றும்.

"இதச் சொன்னது நல்லதாப் போச்சும்மா" என்றார் அத்தையிடம்.

"நான் எங்க சொன்னேன். ஆத்தா சொல்ல வச்சா" என்றார் அத்தை.

என் அப்பாவிடம் போனில் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது அக்கா விசயம் என்று சொல்லிவிட்டு, சோழவந்தானில் மழை பெய்கிறது என்றார்.

வீட்டுக்காரரிடம் அத்தையே சொன்னார். சோறு போட்டுக்கொண்டே, குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார். இத்தனை காலமும் மூத்த மகன், ஒரே மகன் என்று நினைத்திருந்தவர் மூன்றாவது மகனாகிப் போனார். கை தானாக மூக்குக்குப் போனது.

"அப்ப தவிடு நெசந்தானா?"

"நெசந்தான்."

"எம்புட்டு?"

"ஒரு மொறம்."

"அம்புட்டுத்தானா?"

"மழைக்காலம்டா. அது கெடச்சதே பெரிசு."

அவர் மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்யவில்லை. அத்தை கதவோரம் நின்று பார்த்துவிட்டு, இருக்கட்டும், நீ கூப்பிடாத என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அத்தை அவரை அந்தத் திட்டுத் திட்டியதில்லை. வேறு திட்டு இன்னும் அமையவில்லை.

என் ரத்தத்தையும் வீட்டுக்காரர் ரத்தத்தையும் வெளியூருக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்தது. கோளாறு இருக்கிறது என்றும் இல்லை, இல்லவே இல்லை என்றும் இல்லை. தவறிய பிள்ளைகளின் ரத்தம் இருந்தால் நிச்சயமாகச் சொல்லலாம், இப்போது அவ்வளவுதான் முடியும் என்றார் டாக்டர். பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. குழந்தைகள் டாக்டர் கூடவே இருக்கிற இடத்தில்தான் பிரசவம் பார்க்க வேண்டும், பிறந்ததும் அவர் பார்க்க வேண்டும், குதிகாலில் ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும், முடிவு வருகிறவரை பிள்ளையைக் கண்ணை விட்டு அகலவிடக் கூடாது என்றார். எனக்கு அது தைரியமாக இருந்தது. பயப்படாதே என்று சொல்கிறவர்களைவிட என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறவர்களைத்தான் எனக்கு இப்போது பிடிக்கிறது.

இப்போது எனக்கு ஆறு மாசம் முடிந்து ஏழு நடக்கிறது. போன வாரம் காட்டப் போயிருந்தோம். இப்போதெல்லாம் அத்தைதான் முதலில் உள்ளே போய், நோயாளி உட்காரும் நாற்காலியில் உட்காருவார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்காருவேன். டாக்டரும் பழகிவிட்டார். அத்தை கேட்டார்.

"டாக்டரம்மா, பெறந்ததும் பிள்ளைய உங்ககிட்டருந்து நான் தவிட்டுக்கு வாங்கிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி வேணாம். நீங்கதான் விக்கணும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"தவிட்ட வாங்கி நான் என்னம்மா பண்றது?"

"மாட்டுக்கு வைங்க."

"எங்க வீட்ல மாடு இல்லையே."

அத்தை யோசித்தார். "அப்ப நானே திருப்பிக் கொண்டுபோயிர்றேன். ஆனா நீங்க கைநீட்டி வாங்கணும்."

"குப்பையில போடக் கூடாது."

"போடல. மொறத்துல போட்டுக்கிறேன்."

"புது மொறமா வாங்கிக் கழுவிக் காயவச்சு, மேல வெள்ளத்துணி விரிக்கணும். மொதல்ல குழந்தை டாக்டர் பாக்கணும். குதிகால்ல ரத்தம் எடுக்கணும். அதுக்கப்புறந்தான் தவிடு."

"எடுத்துக்கங்க. அத நான் என்னைக்கு வேணாம்னேன்?"

முறம் வாங்கியாகிவிட்டது. கழுவி மாடியில் காயப்போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறார். தவிடு வாடிப்பட்டி ரைஸ்மில்லில் இருந்து வந்து ஒரு டப்பாவில் இருக்கிறது. நேற்று மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு முறத்துக்கு வேண்டியதைப்போல மூன்று மடங்கு இருந்தது. எதற்கு இம்புட்டு என்று அத்தையிடம் கேட்டேன்.

"அன்னைக்குக் கொறச்சுக் குடுத்துட்டேன்" என்றார்.