வெற்றிலையில் மடித்த கோழி

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, கோபத்திலும் கொஞ்சம் யோசித்துத்தான் சபதம் போட்டிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. "இனிமே இந்த மனுசன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன், கை நனைக்க மாட்டேன்" என்று சொன்னாரே தவிர, மொட்டை மாடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மாடிப்படி வெளிப்பக்கம் இருந்தது. மேலே ஒரு வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்ற ஆசையில் அப்பா அப்படிக் கட்டினார். அந்த வாடகை வீடு இன்றுவரை எழும்பவில்லை. படி மட்டும் ஒருமுறை பெரிய உதவி செய்தது.

சண்டைக்கான காரணம் இதுதான். அக்கா பெரியமனுஷி ஆனபோது மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தார்கள். மாமா பட்டும் வளையலும் பழத்தட்டுகளுமாக மேளம் முழங்க வந்து இறங்கினார். தாய்மாமன் அல்லவா, அன்றைக்கு அவர்தான் ராஜா. சீரெல்லாம் செய்து முடித்து, மாமா இன்னும் பந்தியில் உட்காரவில்லை. அதற்குள் அப்பா வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றுகொண்டிருந்த வியாபாரி ஒருவருக்கு முதலில் கொடுத்துவிட்டார். மாமா பார்த்தார். தோளில் கிடந்த மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். சாப்பிடாமல் படியிறங்கிவிட்டார்.

"தாய்மாமனுக்கு அப்புறந்தான் எவனா இருந்தாலும்" என்றது மாமா கட்சி. "அவசரமாப் போறவருக்குக் குடுத்தேன், இதுல என்ன குத்தம்?" என்றது அப்பா கட்சி. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருமே வெற்றிலை போடுகிறவர்கள் இல்லை. வாயில் போடாத ஒன்றுக்காகப் பெரியவர்கள் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு அந்த வயதில் விளங்கவே இல்லை. நான் அம்மாவிடம் கேட்டும் பார்த்தேன். அம்மா, "போயி வீட்டுப்பாடம் எழுது" என்றாள்.

அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் கொரியாக்காரர்கள் நடத்தும் கார் உதிரிபாகக் கம்பெனியில் அவருக்கு வேலை. லீவுக்கு நத்தத்தில் தாத்தா வீட்டுக்கு வருவார். அம்மா எங்கள் இருவரையும் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருவாள். அதுவரை "மாப்ள", "மச்சான்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தவர்கள், அதன்பின் "உன் தம்பி" என்றும் "உன் வீட்டுக்காரர்" என்றும் ஆகிப்போனார்கள். நடுவில் அம்மா தபால்காரர் மாதிரி அலைந்தாள்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது, மாமாவைக் கம்பெனி இரண்டு வருடம் கொரியாவுக்கே அனுப்புகிறது என்று செய்தி வந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அம்மா மட்டும் அடுப்படியில் நின்று அழுதாள். "சண்டையோட கடல் தாண்டுறானே. ஒரு வாய் எங்க வீட்டுல சாப்டுட்டுப் போகக் கூடாதா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இவளுக்கு ஒரு நல்லது நடந்தா மாமன் முறைக்கு யாரு வந்து நிப்பா?" என்று இன்னும் கொஞ்சம் அழுதாள். எனக்குப் பட்டுப்பாவாடை போய்விடுமோ என்று அப்போதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது.

அக்கா அப்போது பிளஸ் ஒன். தமிழில் பேசும் கொரியன் சீரியல்களுக்குத் தன்னை எழுதிக்கொடுத்திருந்தாள். அந்த சீரியல்களில் மழை பெய்தாலும் காதல் முறிந்தாலும் உடனே நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் கறியைச் சுட்டு, பச்சை இலை ஒன்றில் மடித்து, ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டுவார்கள். அதைப் பார்க்கும்போது எங்கள் இருவருக்கும் எச்சில் ஊறும். அப்பா செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, இதெல்லாம் ஒரு நாடகமா என்பது போல உட்கார்ந்திருப்பார். பக்கம் மட்டும் புரளாது.

அக்கா மாமாவுக்குப் போன் போட்டாள்.

"மாமா, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எங்களுக்கு அந்தக் கோழியச் சுட்டுக் குடுத்துட்டுப் போங்க."

"நத்தத்துக்கு வா, சுட்டுத் தாரேன்."

"நத்தத்துல ஓலைக் கொட்டகை. நெருப்பு பட்டா தாத்தா சண்டைக்கு வருவாரு. இங்க மாடியில சுடலாம்."

"நான் அந்த வீட்டுக்குள்ள வர மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"உள்ள உங்கள யாரு கூப்புட்டா? வெளிப்படியில ஏறி மாடிக்கு வாங்க. கோழி உங்க கோழி, கரி உங்க கரி. இடுக்கியால எடுத்துத் தின்னா கை எங்க நனையுது?"

 மாமா, "நீ வக்கீலுக்குப் படி" என்று சொல்லி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஆனது.

அம்மா இதை அப்பாவிடம், சாம்பார் ஊற்றும் சாக்கில் மெதுவாகச் சொன்னாள். "மாடிதான. வந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன" என்றார் அப்பா. ஆனால் கறியை மிருதுவாக்கப் பேரிக்காய் துருவிப் போட வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் வாசல் கேட்டில் ஒரு பை நிறையப் பேரிக்காய் தொங்கியது. அப்பாவுக்கு மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. கொடைக்கானல் சரக்கெல்லாம் அவர் கடையில்தான் இறங்கும். பேரிக்காய் யார் வாங்கிவந்தது என்று கேட்டதற்கு, "எனக்கு என்ன தெரியும்?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இலைதான் பிரச்சினை ஆனது. அந்தப் பச்சை இலைக்கு என்ன பெயர் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. "முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும், ஆனா உருண்டையா இருக்காது, ஓரமெல்லாம் சுருக்கம் சுருக்கமா இருக்கும்" என்று அம்மாவிடம் கைகளால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அது வெத்தலைடி."

"இல்லப்பா. அது பெருசு."

"பெரிய வெத்தலை. நானும் பாத்துருக்கேன்ல. மடிச்சு அப்படியே வாய்க்குள்ள போடுறான். வெத்தலையத் தவிர வேற எத அப்படிப் போடுவாங்க? நான் வாங்கியாரேன்."

சீரியல் பார்க்காத அப்பா மாட்டிக்கொண்டார் என்று நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மாமா வந்தார். கையில் பெரிய பை. வாசலில் நின்ற அம்மாவிடம் "அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தலையைத் திருப்பாமல் வெளிப்படியில் ஏறினார். மாடியில் செங்கல் அடுக்கி, இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கிவந்த கரியைப் பற்றவைத்தார். மேலே வைக்கக் கம்பிவலை ஒன்றைப் பக்கத்துப் பூட்டுப் பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கியிருந்தோம். பட்டறைக்காரர், "என்னம்மா, எலிப்பொறியா?" என்று கேட்டபடிதான் கொடுத்தார்.

மாமா பையிலிருந்து ஒரு சிவப்பு டப்பாவை எடுத்தார். உள்ளே மிளகாய் விழுது, பார்க்கத் தக்காளித் தொக்கு மாதிரி. தொட்டு நக்கினால் இனிப்பு. அதில் பேரிக்காய்த் துருவல், பூண்டு, சோயா சாஸ், நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து, எலும்பில்லாத கோழித் தொடையைப் போட்டுப் புரட்டினார். கடைசியில் இரண்டு கை நாட்டுச்சர்க்கரை போட்டார். அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

"ஏலே, கறியில சக்கரையா? மஞ்சப்பொடி கூடப் போடாம கோழியாடா? கவுச்சி அடிக்காது?"

"அவங்க போட மாட்டாங்கக்கா."

அவர் விசிறி எடுக்கத் திரும்பிய நேரத்தில் அம்மா மஞ்சள்பொடி தூவியதை நான் பார்த்தேன். அன்று நாங்கள் சாப்பிட்ட கொரியக் கோழி கொஞ்சம் மஞ்சளாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

கறி வலையில் விழுந்ததும் சர்க்கரை உருகிப் புகை கிளம்பியது. தெரு முழுக்க வாசனை. மாமா திருப்பித் திருப்பிப் போட்டுவிட்டு, "கத்திரிக்கோல் குடுக்கா" என்றார். அங்கே கறியை அதில்தான் நறுக்குவார்களாம். அம்மா ரவிக்கை வெட்டும் கத்திரியை வெந்நீரில் கழுவி, மனசே இல்லாமல் கொடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் அப்பா படியேறி வந்தார். மாமா தலை நிமிரவில்லை. அப்பா மஞ்சள் பையை அம்மாவிடம் நீட்டினார். அம்மா பிரித்துப் பார்த்தாள். ஒரு கட்டு வெற்றிலையை வெளியே எடுத்தாள். பைக்குள் இன்னும் ஏதோ இருந்தது. அதை எடுக்காமல் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, கைப்பிடிச்சுவர் பக்கம் திரும்பி மலைக்கோட்டையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அப்பா தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்தார்.  கரி மட்டும் படபடத்தது. எனக்கோ பசி. கறியும் வெந்துவிட்டது. பிறகு எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் நான் தட்டோடு நின்றேன்.

அக்காதான் தொண்டையைச் செருமினாள். "சீரியல்ல எல்லாம் வீட்டுக்குப் பெரியவங்கதான் மொத இலைய மடிச்சு, வந்தவங்களுக்கு ஊட்டுவாங்க."

அப்பா எழுந்து வந்தார். அடுக்கிலிருந்து ஓர் இலையை எடுத்தார். தோள் துண்டில் முன்னும் பின்னும் துடைத்தார். காம்பைக் கிள்ளினார். ஒரு துண்டு கோழியும் ஒரு பல் பூண்டும் வைத்து நிதானமாக மடித்தார். பிறகு மாமாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"மாப்ள."

மாமாவின் கையில் இடுக்கி அப்படியே நின்றது.

"இந்தா மாப்ள. மொத இது உனக்குத்தான்."

மாமா இலையைப் பார்த்தார். அப்பா முகத்தைப் பார்த்தார். "கையெல்லாம் கரியா இருக்கு மச்சான்" என்றார். 

"கை எதுக்கு? வாயத் தொற."

மாமா சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். மெல்ல மெல்ல அவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "காரமா மாமா?" என்று கேட்டேன். "ஆமாத்தா, அம்புட்டுக் காரம்" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் ஏற்கெனவே திருட்டுத்தனமாக ஒரு துண்டு தின்றிருந்தேன். அதில் காரமே இல்லை.

அடுத்த இலையை மாமா மடித்து அப்பாவுக்கு ஊட்டினார். நானும் ஆசையோடு ஒன்றை வாயில் போட்டேன். சர்க்கரைக் கோழியும் வெற்றிலை உறைப்பும் சேர்ந்து நாக்கைச் சுருட்டிவிட்டன. ஓடிப்போய்த் துப்பினேன். அக்காவும் துப்பினாள். ஆனால் அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மடித்து மடித்து, "நல்லாருக்கு மாப்ள", "நல்லாருக்கு மச்சான்" என்று தின்றுகொண்டே இருந்தார்கள். பெரியவர்களுக்கு நாக்கு செத்துப்போய்விடும் போல என்று முடிவு செய்துகொண்டேன்.

இருட்டுவதற்கு முன் மாமா கிளம்பினார். கை முழுக்கக் கரி. அம்மா வாசலில் நின்று, "உள்ள வந்து கை கழுவிட்டுப் போடா" என்றாள். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா வேறு எங்கோ பார்த்தார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியை மிதித்து உள்ளே போய், சோப்புப் போட்டு முழங்கை வரை கை நனைத்துவிட்டு வந்தார். அம்மாவுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

கொரியாவில் இறங்கியதும் மாமாவிடமிருந்து முதல் போன் அப்பாவுக்குத்தான் வந்தது. "கெடச்சுச்சா? சரி மாப்ள, சரி, சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா வைத்துவிட்டார். என்ன கிடைத்தது என்று கேட்டதற்கு, "ரூம்பு கெடச்சுச்சாம்" என்றார்.

இந்தக் கதையை நான் கல்லூரி ஹாஸ்டலில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். கொரியாக்காரன் வெற்றிலை போடுவான் என்று நம்பிய அப்பாவின் கதை என்றுதான் அதற்குப் பெயரே. அந்தச் சுருக்க இலைக்கு லெட்டூஸ் என்று பெயர், பர்கருக்குள் வைப்பார்கள் என்பதெல்லாம் எனக்குச் சென்னை போன பிறகுதான் தெரியும். பாவம், மார்க்கெட்டில் கத்தரிக்காயோடு காலம் தள்ளுகிறவருக்கு அதெல்லாம் எங்கே தெரியும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்வேன்.

போன பொங்கல் லீவில் அப்பாவுக்குக் காபி கொடுக்கக் கடைக்குப் போனேன். விவரம் தெரிந்த பிறகு விடியற்காலைச் சரக்கு நேரத்தில் அங்கே போனது அதுதான் முதல் தடவை. கொடைக்கானல் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டியின் ஓட்டை வழியாகப் பச்சையாக, சுருக்கம் சுருக்கமாக ஏதோ எட்டிப்பார்த்தது. குனிந்து பார்த்தேன். லெட்டூஸ். "இது எப்பருந்துண்ணே வருது?" என்று கேட்டேன். பெட்டியைச் சுமந்துகொண்டிருந்தவர், "நீ பொறக்குறதுக்கு முந்தியிருந்தே வருதும்மா. மதுர ஓட்டலுக்கெல்லாம் உங்கப்பாதான அனுப்புறாரு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

அப்பா யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு லெட்டூஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவின் முன்னால் வைத்தேன். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். இலையைப் பார்த்ததும் சிரித்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா? அப்பாவுக்கு அன்னைக்கே இது தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

"பையப் பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு" என்றாள் அம்மா. "வெத்தலைக்கு அடியில பாக்கும் வாங்கிப் போட்டுருந்தாரு. கோழியச் சுத்தித் திங்கிறதுக்குப் பாக்கு எதுக்குடி?"

நான் இலையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"அந்தப் பாக்க என்ன பண்ண?"

"உங்க மாமா ஊருக்குக் கெளம்புறப்ப பெட்டியில வச்சுவிட்டேன்" என்றாள். "கொரியாவுல போயி பெட்டியப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் உங்கப்பாவுக்குப் போன் போட்டான்."