அகலத் தாளில் விட்டுப்போன பத்தி

கல்யாணமான புதிதில் என் மனைவி வைத்த ரசத்துக்கு நான் மார்க் போட்டிருக்கிறேன். வாயால் அல்ல, தாளில். இடப்பக்கம் கிழமைகள்; மேலே உப்பு, புளி, காரம், மணம் என்று பத்திகள்; கடைசியில் சராசரி. வெள்ளிக்கிழமை ரசம் ஏன் சரிகிறது என்று அறிவியல்பூர்வமாகக் கண்டுபிடிக்கும் நோக்கம். அவள் என் சிவப்புப் பென்சிலை வாங்கி, ஓரத்தில் இன்னொரு பத்திக்குக் கோடு போட்டாள். தலைப்பு: ‘கொத்தமல்லி வாங்கி வந்தாரா?’ எல்லா வெள்ளிக்கும் நேரே ‘இல்லை’ என்று எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ஆராய்ச்சி அத்துடன் நின்றது. கட்டம் போடும் வியாதி மட்டும் நிற்கவில்லை.

அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

சுவரை மறைத்த தாள்

அறுபதுகளில் கோலார் தங்கவயல் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் கணக்கு வாத்தியார், எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்குக் கிளாஸ் டீச்சரும் கூட. சனிக்கிழமைதோறும் எல்லாப் பாடத்திலும் சின்ன டெஸ்ட் உண்டு. மார்க்குகள் அந்தந்த வாத்தியாரின் ரிஜிஸ்தரில் தனித்தனியாகத் தூங்கும். ஒரு பிள்ளையின் வருஷம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க வழியில்லை.

ஆண்டர்சன்பேட்டை கடையில் டிராயிங் ஷீட்டுகள் வாங்கி, பசை போட்டு ஒட்டி, சுவர் அகலத்துக்கு ஒரு தாள் தயாரித்தேன். பிள்ளைகள் வரிசை வரிசையாக. வாரங்கள் பத்தி பத்தியாக, ஒவ்வொரு வாரத்துக்குள்ளும் பாடவாரியாக. அந்தத் தாள் பேசியது. ஒரு வாரம் வகுப்பு மொத்தமும் பூகோளத்தில் கவிழ்ந்திருப்பதைக் காட்டியது. விசாரித்தால், நடத்தாத பாடத்தில் கேள்வி வந்திருக்கிறது. பூகோள வாத்தியார் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. எனக்கோ தலை கால் புரியவில்லை. ஹெட்மாஸ்டரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்து காட்டினேன்.

அவர் கண் நேராக வசந்தாவின் வரிசையில் போய் நின்றது. வசந்தா, மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்ப்பவரின் மகள். அவள் மார்க் ஒரு வாரம் உச்சி, அடுத்த வாரம் பாதாளம், அதற்கடுத்து நடுவில், மறுபடி உச்சி.

“என்னய்யா இது? மூளை என்ன, வந்து வந்து போற விருந்தாளியா? பக்கத்துல பார்த்து எழுதறா. இந்தப் பெண்ணைப் பப்ளிக் எக்ஸாமுக்கு அனுப்ப முடியாது. ஹால்ல மாட்டினா ஸ்கூல் பேர் போயிடும்.”

“சார், பக்கத்துல ரோஸி. அவ மார்க் எப்பவும் பாதாளம்தான்.”

“அப்ப முன்னால பார்த்திருப்பா.”

ரிஜிஸ்தர்களில் யார் கண்ணிலும் படாமல் இருந்த பெண்ணை என் தாள் மாட்டிவிட்டது. அந்த வருஷம் பரீட்சை எழுதாவிட்டால் அவள் படிப்பு நின்றுவிடும்; வீட்டில் மாப்பிள்ளை பார்க்கக் காத்திருந்தார்கள்.

ஒரே அறை, ஒரே பல்பு

மேலும் பத்திகள் போட்டேன். உட்கார்ந்த இடம், லீவு, காய்ச்சல். சுரங்கத்துக்குள் பாறை வெடித்து ஊர் அதிர்ந்த நாள் எது என்றுகூட ஒரு பத்தி. ஒன்றும் பொருந்தவில்லை. ஊர் அதிர்ந்தால் எல்லோருக்கும்தானே அதிரும் என்பது பத்தி நிரம்பிய பிறகுதான் உறைத்தது.

ஒரு சாயங்காலம் தாளைச் சுருட்டிக்கொண்டு, ஸ்கேலும் கையுமாக அவள் வீட்டுக்கே போனேன். தொழிலாளர் லைனில் ஒற்றை அறை வீடு. ஏழு மணிதான், உள்ளே இருட்டு. வாசற்படியில் தாயாரும் பிள்ளைகளும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வசந்தாவின் மடியில் புத்தகம், மூடியபடி.

“கிளாஸ் சாரா? வாங்க, மெதுவா பேசுங்க. அவுரு தூங்கறாரு. காலைல மொத ஷிப்ட்டு. விடியறதுக்குள்ள கேஜ்ல ஏறி சொரங்கத்துக்குள்ள எறங்கணும்.”

“விளக்கு போடறதில்லையா?”

“போட்டா அவுருக்குத் தூக்கம் போயிடும். தூங்காம எறங்கி கை கால் போனா இன்னா சார் பண்றது?”

“தெரு விளக்கு?”

“அங்க ஆம்பளைங்க சீட்டாடறாங்க. வயசுப் பொண்ண ஒக்கார வெக்கறதா?”

“நைட் ஷிப்ட் வாரத்துல?”

“அப்ப இவ ராஜ்யம்தான்! அவுரு வேலைக்குப் போயிடுவாரு, பல்பு எரிஞ்சினே இருக்கும்.”

படியிலேயே தாளை விரித்தேன். தாயார் ஷிப்டு வாரங்களைச் சொல்லச் சொல்ல, எழுத்து தெரியாத வெளிச்சத்தில் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து புதுப் பத்தியாக நிரப்பினேன். நைட் ஷிப்ட் வாரமெல்லாம் உச்சி. முதல் ஷிப்ட் எல்லாம் பாதாளம். அப்பா இரவு பத்துக்கு மேல் வீடு திரும்பும் இரண்டாம் ஷிப்ட், நடு.

ஹெட்மாஸ்டர் அறையில்

“கதை நல்லா இருக்கு. நிரூபி” என்றார் ஹெட்மாஸ்டர்.

அவள் அப்பாவுக்கு அடுத்த முதல் ஷிப்ட் வாரத்தில், சாயங்காலம் வகுப்பறையைத் திறந்து வைத்து அவளை விளக்கில் படிக்க விடுவது; சனிக்கிழமை அவர் அறையில், அவர் எதிரிலேயே, தனியாக டெஸ்ட் எழுத வைப்பது என்று பேசினோம். மார்க் குறைந்தால் பரீட்சைப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிடுவார். கணக்கு என்னுடையது, தண்டனை அவளுக்கு.

சனிக்கிழமை அவள் தலை நிமிராமல் எழுதினாள். ஹெட்மாஸ்டர் பேப்பரை வேறு யாரிடமும் கொடுக்காமல் தாமே பார்த்துத் திருத்தினார். இரண்டு தடவை கூட்டினார். உச்சி.

“அனுப்புய்யா” என்று அப்ளிகேஷனில் கையெழுத்துப் போட்டார். பிறகு, “அந்த ரூமை மத்த பிள்ளைங்களுக்கும் திறந்து வை. கரண்ட் பில் பத்தி யாராவது கேட்டா நான் பேசிக்கிறேன்.”

முதல் ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகள் அந்த அறையை நிரப்பினார்கள். என் பணியில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளும் காரியங்களில் இதற்கே முதலிடம். இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன்: கட்டம் போடுங்கள், நிறையப் போடுங்கள். ஆனால் மார்க் ஏறி இறங்கினால், பிள்ளையைச் சந்தேகிக்குமுன் தாளைச் சந்தேகியுங்கள். நீங்கள் போடாத பத்தி ஒன்று அந்த வீட்டு வாசலில் இருக்கலாம்.

வசந்தா பாஸானாள். ரிசல்ட் வந்த வாரம் பஜாரில் அவளும் தாயாரும் எதிரே வந்தார்கள். தாயார் என் கையில் லட்டுப் பொட்டலத்தைத் திணித்தார்.

“கோடு போட்ட தாளைத் தூக்கினு எங்க வூடு தேடி வந்தீங்களே, மறக்க மாட்டோம் சார். எல்லாத்துலயும் நல்ல மார்க்கு. கணக்குல மட்டும்தான் கம்மி.”

வசந்தா அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னாடி இழுக்கற? உண்மையத்தான சொல்றேன்? ட்ராயிங் சாரு, இவருக்கு இருக்கற அக்கறை, அந்தக் கணக்கு வாத்தியாருக்கு இருந்ததா?”