உப்புச் சாக்கோடு மலைக்குப் போன வான்

அத்தான் கட்டும் முடிச்சைப் போல ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே மறைத்து, பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிடுவார். பார்த்தால் சின்னப் பிள்ளையும் அவிழ்த்துவிடும் போலிருக்கும்; அவரைத் தவிர ஒருவராலும் ஏலாது. எங்கள் வான் வண்டியின் கூரையில் சாமான் கட்டக் கம்பிகள் இல்லை. ஆகவே கயிறு கூரைக்கு மேலால் போய், இரு பக்க யன்னல்களாலும் உள்ளே வந்து, எங்கள் தலைக்கு நேரே முடிச்சாக இறுகிக் கிடந்தது. மேலே இருந்தது ஒரு சாக்கு உப்பு.

அத்தான் என் அக்காவின் கணவர். திருகோணமலைத் துறைமுகத்தில் கடலடியில் மூழ்கி வேலை செய்யும் சுழியோடி. கப்பலின் அடியில் சிக்கிய கயிறுகளை அறுப்பதும், அறுந்து விழுந்த நங்கூரங்களைத் தேடி எடுப்பதும் அவருடைய வேலை. நாங்கள் இறக்கக்கண்டிக் கிராமத்து மீன்பிடிக் குடும்பம். என்னைப் பெற்ற ஐயாவுக்குக் கடலின் மேற்பரப்புத் தெரியும்; அத்தானுக்கு அதன் அடி தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் படித்து முடித்தவன் நான்தான். பட்டினத்தில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை கிடைத்த நாளிலிருந்து அத்தான் என்னைக் 'கிளாக்கர்' என்றே கூப்பிட்டார்.

எதற்கும் பயப்படாத மனிதர் என்றுதான் ஊர் அவரைச் சொன்னது. அவர் மாறியது ஒரே நாளில். மூழ்கிப்போன ஒரு பழைய கப்பலுக்குள் எதையோ தேடி இறங்கியிருக்கிறார். உள்ளறைக்குள் போனதும் பின்னால் இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மற்றவர்கள் அதை உடைத்து அவரை வெளியே இழுத்தபோது காதிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. காது ஆறிவிட்டது. ஆனால் அவர் திரும்ப வேலைக்குப் போகவில்லை. இறங்குதுறை வரைக்கும் போவார், நின்று பார்ப்பார், திரும்பி வருவார். கேட்பவர்களுக்கு, "காது இன்னும் சரிவரேல்லை" என்பார். வீட்டில் கதவைச் சாத்தினால் எழும்பிப் போய்த் திறந்துவிடுவார்.

அந்த மாதங்களில்தான் ஏலத்தில் விட்ட ஒரு பழைய வானை வாங்கி வந்தார். உள்ளே பலகைக் கட்டில்கள் அடித்தார், ஒரு மூலையை மண்ணெண்ணெய் அடுப்பு வைக்கிற குசினியாக்கினார். பிறகு படுக்கையும் அதற்குள்தான். "வீடிருக்க உதுக்குள்ளை ஏன் படுக்கிறியள்?" என்று அக்கா கேட்டதற்கு, "வீட்டை விட இதுக்குக் கதவு கூட" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மலைநாட்டில் ஓர் ஏரிக்கரையில் அத்தானின் தங்கை குடியிருந்தாள். அவளுடைய புருஷன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே இயந்திரம் பழுதுபார்க்க ஆள் தேவை என்று சொல்லி அனுப்பியிருந்தார். "வான்தானே இருக்கு, ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்" என்று அக்கா அத்தானிடம் சொன்னாள். என்னைத் தனியே கூப்பிட்டு வேறுவிதமாகச் சொன்னாள்.

"தம்பி, இவர் திரும்பத் தண்ணிக்குள்ளை இறங்கினா எனக்கு இவர் இல்லை. அங்கை வேலை சரிவந்தா நாங்கள் அப்பிடியே இருந்திடுவம். நீ கூட வா."

புது வீட்டுக்கு முதலில் உப்புத்தான் போகவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நிலாவெளி உப்பளத்திலிருந்து அக்கா ஒரு சாக்கு உப்பை இறக்கினாள். "மலையிலை உப்பு விக்கிறேல்லையோ?" என்று அத்தான் கேட்டார். "எங்கடை உப்பு வேற" என்றாள். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். சாக்கைக் கூரையில் ஏற்றிக் கட்டினார்.

கந்தளாய் தாண்டியதும் இரண்டு பக்கமும் காடு. பொழுது சாய்கிற நேரம் வானின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. சூடேறிய இயந்திரத்தை ஆறவிட வேண்டும் என்று ஒரு குளத்தோரமாக நிறுத்தி, அதற்குள் மிச்சமிருந்த தண்ணீரையும் அத்தான் வெளியே திறந்துவிட்டார். நான் வாளியோடு குளத்துக்குப் போக எழுந்தேன். எங்களுக்குப் பழகிய சத்தம் அலைச்சத்தம்தான்; அது இல்லாத இடத்தில் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. அங்கே ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் முதலில் என்னைப் பயப்படுத்தியது. பிறகு ஒரு கொப்பு முறிந்தது.

தனியன் யானை. அது ஓடி வரவில்லை. வீட்டுக்காரர் முற்றத்துக்கு வருவதுபோல ஆறுதலாக வந்தது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். எல்லோரும் உள்ளே ஏறிக் கதவுகளைச் சாத்திக்கொண்டோம். தண்ணீரில்லாமல் வானை எடுக்க ஏலாது. யன்னலை மறைத்துக்கொண்டு சாம்பல் நிறத் தோல் நகர்ந்தது; உள்ளே இருட்டிவிட்டது. கூரையில் எதையோ தேய்த்து இழுக்கும் சத்தம். கயிறு வருகிற இடுக்கால் என் முகத்தில் பொடிப்பொடியாக ஏதோ கொட்டியது. நாக்கில் பட்டதும்தான் உப்பு என்று தெரிந்தது. யானை உப்புத் தேடி வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சாக்கு வரவில்லை. முடிச்சு விடவில்லை. யானை இழுத்த இழுவையில் வானின் ஒரு பக்கச் சில்லுகள் நிலத்தை விட்டு எழும்பி விழுந்தன. அக்கா என் கையைப் பிடித்தாள். அந்த நேரம்தான் அத்தானின் மூச்சு எனக்குக் கேட்டது. வெளியே நின்றதன் மூச்சைவிடப் பலமாக, நாய் இரைப்பதுபோல இரைத்தது.

"கதவைத் திற."

"இஞ்சேருங்கோ, அது வெளியிலை நிக்குது."

"தண்ணி ஏறுது. திற."

அவருடைய கை பின்கதவின் பிடியில் இருந்தது. நான் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். என்னை ஒரு துணியைப்போல உதறினார். வெளியே நின்றதைவிட உள்ளே இருந்த மனிதருக்கு நான் கூடுதலாகப் பயந்தேன். கதவு திறந்தால் முதலில் இறங்குவது அவர். யானைக்கும் அவருக்கும் இடையில் ஒரு முழ இடைவெளிகூட இருக்காது. அக்கா எழும்பிக் கதவோடு முதுகை வைத்து நின்றாள். கத்தவில்லை, அழவில்லை. வீட்டில் சோறு போடக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்:

"முடிச்சை அவிழுங்கோ."

அவருக்குக் கேட்கவில்லை.

"இஞ்சேருங்கோ, இது உங்கடை முடிச்சு. எனக்கும் ஏலாது, தம்பிக்கும் ஏலாது. அவிழ்த்துக் குடுங்கோ, அது கொண்டு போகட்டும்."

அவருடைய கையைப் பிடித்து மேலே கொண்டுபோய் முடிச்சில் வைத்தாள். கை முதலில் அப்படியே கிடந்தது. பிறகு பெருவிரல் மட்டும் அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டார், கலங்கிய தண்ணீரில் தடவித் தடவி வேலை செய்கிறவரின் கை அது. கயிறு விசுக்கென்று யன்னலால் வெளியே ஓடியது. சாக்கு நிலத்தில் விழுந்து வெடித்தது.

யானை அதை அவசரமில்லாமல் தின்றது. மங்கிய வெளிச்சத்தில் மண்ணோடு கலந்து கிடந்த வெள்ளையை அக்கா கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுடைய புது வீடு அங்கே கொட்டிக்கிடந்தது என்று எனக்குத் தோன்றியது. யானை குளத்துப் பக்கம் இறங்கி மறைந்ததும் அத்தான் கதவைத் திறந்து வெளியே விழுந்து நிலத்தில் மல்லாந்து கிடந்தார். வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்தார்.

"என்ன கிளாக்கர், இது உன்ர புத்தகத்திலை இல்லையோ?"

"இருக்கு அத்தான். கூரையிலை ஏத்தச் சொல்லி இல்லை."

மலைப்பாதை முழுவதும் ஒரு பக்கம் பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அந்த ஏரி பனிப்புகாருக்குள் கிடந்தது. தங்கை வாசலில் நின்று எங்களைக் கூட்டிப்போனாள். "உப்புக் கொண்டு வந்தனாங்கள், வழியிலை ஒருத்தர் கேட்டார், குடுத்திட்டம்" என்று அத்தான் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த நாள் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனார்கள். இயந்திர அறை தகரச் சுவர், தகரக் கூரை. சத்தம் வெளியே போகாமலிருக்கக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். உள்ளே போன அத்தான் போன கையோடு வெளியே வந்தார். அந்தக் குளிரில் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா அந்த முதுகைப் பார்த்தாள்.

மறுநாள் விடிய அத்தானின் பாயில் ஆளில்லை. அக்காவும் நானும் பனிப்புகாருக்குள்ளால் ஏரிக்கரைக்கு ஓடினோம். ஒரு கல்லின் மேல் அவருடைய சட்டையும், பக்கத்தில் செருப்பும் இருந்தன. தண்ணீரில் ஒரு சுழி இல்லை, ஒரு குமிழி இல்லை. யானைக்கு முன்னால் இருந்த பயம் ஒரு பயமே அல்ல என்று அந்தக் கரையில்தான் அறிந்தேன். அக்கா கரையோரம் குந்திக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். அவளுடைய உதடு மட்டும் அசைந்தது.

தூரத்தில் ஒரு தலை மேலே வந்தது.

நீந்தி வந்து கரையேறியபோது பல்லோடு பல் அடித்தது. அக்கா சேலைத் தலைப்பால் அவருடைய தலையைத் துவட்டினாள்.

"பயமாயிருந்ததோ?"

"ஓம்" என்றார். "ஆனா மேலை திறந்திருக்கு."

அக்கா துவட்டுவதை நிறுத்தவில்லை. "அப்ப வீட்டை போவம்" என்றாள். "கப்பலுக்குள்ளை போகமாட்டன் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"போகமாட்டன்."

இப்போது அவர் பழையபடி வேலை செய்கிறார். என் மேசையிலிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். அவர் இறங்கிவிட்டார் என்று தெரிந்தால் எனக்கு எழுத்து ஓடாது. போன மாரிமழைக் காலத்தில் ஒரு படகு கவிழ்ந்து, அறைக்குள் ஒருவன் அகப்பட்டுக்கொண்டான் என்ற கதை கந்தோருக்கு வந்தது. நான் வேலையைப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அத்தான் எனக்கு முன்பே வந்து, ஈரத் தலையோடு சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவன் பிழைத்துவிட்டான் என்றார்.

"உள்ளுக்குப் போனீங்களோ?" என்று அக்கா கேட்டாள்.

"போனனான்."

"கதவடியிலை ஆர் நிண்டது?"

"ஒருத்தனைப் பிடிச்சு நிக்க விட்டிட்டுத்தான் போனனான்."

அக்கா சோற்றைப் போட்டாள். சோற்றை அள்ளிய அவருடைய விரல்கள் நடுங்கின. அவர் அதை எங்களுக்கு மறைக்கவில்லை. வெளியே வாடைக்காற்று மழையை உள்ளே அடித்தது. கதவைச் சாத்தப்போன என்னை அக்கா தடுத்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை, நனைந்துகொண்டே, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி அந்தக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.