பூஜை போட்டதும் எடை குறைந்தது!

வங்காளத்தில் விஸ்வகர்மா பூஜை என்றால் நம்மூர் ஆயுத பூஜை மாதிரி. அது முடிந்த மறுவாரம் எங்கள் தொழிற்சாலையில் ஒரே ரகளை.

பழைய இரும்பு ஏற்றிப் போன லாரியை செக்யூரிட்டிக்காரர்கள் சந்தேகப்பட்டு வெளியே இன்னொரு எடை மேடையில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே எடை கூடுதல். அதாவது, எங்கள் மேடை குறைத்துக் காட்டுகிறது. குறைத்தால் யாருக்கு லாபம்? இரும்பை வாங்குகிற கான்ட்ராக்டருக்கு. அப்படியானால் மேடை ஆபரேட்டர் பிஷுவுக்கும் — எங்களுக்கு அவர் பிஷுதா, பிஷு அண்ணா — அதில் பங்கு இருக்குமே... இப்படிப் போனது பேச்சு.

எங்கள் மேனேஜர் நம்மூர்க்காரர், தஞ்சாவூர். நல்ல மனிதர்தான். வாய்தான் கொஞ்சம் பெரிசு. மதியம் கான்டீனில் எல்லார் முன்னாலும் பிஷுதாவைப் பார்த்து ‘சோர்’ என்று கத்திவிட்டார். திருடன்! வங்காள மொழியில் அவருக்குத் தெரிந்ததே நாலைந்து வார்த்தை. அதில் இது ஒன்றா இருந்து தொலையவேண்டும்?

பிஷுதா நேராக என் மேஜைக்கு வந்தார். நான் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவு. மெஷின்களின் மனசு எனக்குத் தெரியும் என்பது அவர் நம்பிக்கை.

“தீதி, ஆமி சோர் நா...”

நான் திருடனில்லை அக்கா என்கிறார். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அவர் மனைவி எங்கள் தொழிற்சாலைப் பள்ளியில் டீச்சர். சாயங்காலத்துக்குள் அங்கேயும் சேதி போய்விடும்.

டூல் பையோடு மேடை அறைக்குப் போனேன்.

எடை காட்டுகிற பெட்டிக்குள் நகம் அளவில் ஒரு சிப் உண்டு. எவ்வளவு அழுத்தினால் எத்தனை கிலோ என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. கரண்ட் போனாலும் மறக்காது. வேண்டுமானால் அழித்துத் திரும்ப எழுதலாம். வம்பே அங்கேதான்! திடுதிப்பென்று கரண்ட் போகும்போது பெட்டியின் மூளை ஒரு கணம் தடுமாறும். கன்னாபின்னாவென்று எதையாவது சிப்பில் எழுதிவைக்கும். அதைத் தடுக்கவே உள்ளே ஒரு குட்டி ஸ்விட்ச் — பூட்டு மாதிரி. சர்வீஸ் ஆள் வந்தால் அதைத் திறந்து, கணக்கை எழுதி, மறுபடி பூட்டிவிட்டுப் போகவேண்டும்.

பெட்டியைக் கழற்றினேன். ஸ்விட்ச் திறந்தே கிடந்தது. கடைசியாக வந்த சர்வீஸ் ஆசாமி பூட்ட மறந்திருக்கிறார்.

சரி, கரண்ட் எப்படிப் போனது? லோட்ஷெடிங் வந்தாலும் யூ.பி.எஸ். இருக்கிறதே?

“பூஜையன்னிக்கு என்ன பண்ணினீங்க பிஷுதா?”

“வழக்கம்போலத்தான் தீதி. அன்னிக்கு மெஷினுக்கு ரெஸ்ட் இல்லையா? ப்ளக்கைப் பிடுங்கிட்டு மாலை போட்டேன், சிந்தூர் வச்சேன்.” திடீரென்று முகம் வெளிறியது. “ஐயோ, அப்ப தப்பு என்னோடதா?”

“பூட்டியிருந்தா நீங்க எத்தனை தடவை பிடுங்கினாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. சும்மா இருங்க!”

மேனேஜரை அழைத்து வந்தேன். எடைக்கற்களை மேடையில் ஏற்றிக் கணக்கைச் சரிசெய்தேன். ஸ்விட்சைப் பூட்டி, ப்ளக்கைப் பிடுங்கிச் செருகினேன். எடை அசையவில்லை. ஸ்விட்சைத் திறந்து ப்ளக்கைப் பிடுங்கினேன். இரண்டு தடவை சமர்த்தாக இருந்தது. அடுத்த தடவை... எடை எங்கேயோ போய் நின்றது!

“அட ராமா! சரிம்மா, என்கொயரி வேண்டாம். ஃபைலை க்ளோஸ் பண்ணிடறேன்.”

“அவ்வளவுதானா சார்?”

“வேற என்னம்மா?”

“சோர்னு கான்டீன்ல சொன்னீங்க. இல்லைங்கறதை மட்டும் ஃபைல்ல சொல்றீங்களே?”

முறைத்தார். எனக்குப் பயம்தான். ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிசாக இருந்தது. அவர் விறுவிறுவென்று போய்விட்டார். மெஷினை மறுபடி சரிபண்ணிவிட்டேன், சிப்பையும் பூட்டியாகிவிட்டது. ஆனால் மறுநாளும் கான்டீனில் பிஷுதா பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பாதிச் சாப்பாட்டில் மேனேஜர் உள்ளே வந்தார். அதே குரல், அதே சத்தம்.

“பிஷு சோர் நா! மெஷின் கராப் தா! பூல் ஆமார்!”

திருடனில்லை, மெஷின் கோளாறு, தப்பு என்னுடையது. பாதி ஹிந்தி, பாதி வங்காளம். யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. பிஷுதா அவரை நிமிர்ந்து பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். மேனேஜர் உட்கார்ந்தார்.

சிப்பில் தவறி எழுதியதை நானே அழித்துவிட்டேன். மனுஷன்மேல் எழுதியதை, எழுதினவரேதான் வந்து அழிக்கவேண்டியிருக்கிறது!